வலப்பக்கம் மெல்லாதவர்

ராசிபுரம் பேருந்தில் நடத்துநர் வாயைத் திறந்து “டிக்கெட்” என்று கேட்ட நொடியிலேயே, அந்த மனிதர் புகையிலை அடக்குவது இடக் கன்னத்தில் என்று தமிழ்ச்செல்வி கண்டுகொண்டார். மீதிச் சில்லறையை நீட்டிய கையைக் கவனிக்காமல் வாயையே உற்றுப் பார்க்க, நடத்துநர் கூச்சத்தோடு உதட்டைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

தமிழ்ச்செல்வி அரசு மருத்துவமனையில் பல் மருத்துவர். “கல்யாண ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனா பந்தியில சோத்தைப் பாக்க மாட்டா. எதுத்த வரிசையில யாரு எந்தப் பக்கம் மெல்லறாங்கன்னு பாத்துட்டு இருப்பா” என்பது கணவர் கலையரசனின் நெடுநாள் குறை.

நோயாளி நாற்காலியில் சாய்வதற்குள் அவர் விசாரணை தொடங்கிவிடும். நாமகிரிப்பேட்டை லாரி ஓட்டுநர் ஒருவரிடம், “கீழுதட்டுக்குள்ள போயிலை வெக்கறீங்களா?” என்றார்.

“என்ற சம்சாரத்துக்கே தெரியாதுங்களே, மேடம்!”

“ஈறு சொல்லுதுங்க.”

முன்பல் நுனியில் சிறு வெட்டு இருந்தால், நூலைக் கடித்து அறுக்கிறவர். பல்லில் பழுப்புப் பட்டைகள் ஓடினால், “சின்னதுல எந்த ஊரு கெணத்துத் தண்ணி குடிச்சீங்க?” என்பார். ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் குடித்தால், அந்தக் கறை சாகும்வரை போகாது. செத்த பிறகும் போகாது.

அதனால்தான் மோகனூர்ப் பக்கம் பாழுங்கிணற்றைத் தூர்வாரும்போது கிடைத்த மண்டையோட்டைப் பார்க்க, பிணவறையிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. மெல்லிய தூரிகையால் சேற்றை நீக்கிக்கொண்டிருந்தபோது, காவலர் அன்பழகன் ஓர் அம்மாவை அழைத்துவந்தார். புதுச்சத்திரத்தை அடுத்த சிற்றூர்க்காரர், பூவாத்தாள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வேலைக்குப் போன கணவர் சென்றாயன் வீடு திரும்பாமல் வருடங்களாகின்றன.

“இவருதான்னு சொல்லிப்போடுங்க சாமி. காரியத்தப் பண்ணிப்போட்டு ஒரு மூலையில உக்காந்துக்கறேன். தெனமும் வாசலைப் பாக்க முடியலீங்க.”

பேசும்போது பூவாத்தாளின் பற்களில் பழுப்புப் பட்டைகள் தெரிந்தன.

“உங்க ஊட்டுக்காரரு எந்த ஊருங்க?”

“எங்கூருதானுங்க. என்ற மாமன் மகன். ஒரே கெணத்துத் தண்ணிதான் ரெண்டு பேருக்கும்.”

“அவரு பல்லும் இப்படித்தானுங்களா?”

“என்றதை விட மோசமுங்க. போட்டோ புடிக்கறப்ப வாயை இறுக்கி மூடிக்குவாரு.”

தமிழ்ச்செல்வி மேசையைத் திரும்பிப் பார்த்தார். சேறு போன இடமெல்லாம் பற்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை.

“டிஎன்ஏ பரிசோதனை முடிவு வரட்டும். ஆனா இது உங்க ஊட்டுக்காரர் இல்லீங்க.”

பூவாத்தாள் சுவரோரமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. தாலிக்கயிற்றை விரல்களில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பிறகு மேசையை நிமிர்ந்து பார்த்து, “அப்ப இது யாருங்க?” என்றார்.

“பேரு தெரியலீங்க. முன்பல்லுல நூல் கடிச்ச வெட்டு இருக்குது. குமாரபாளையம் பக்கம் தறி ஓட்டினவரா இருக்கலாம்.” தமிழ்ச்செல்வி தாடையைக் காட்டினார். வலப்பக்கப் பல்லின் வேருக்கடியில் சீழ் எலும்பையே துளைத்திருந்தது. மெல்லாததால் அந்தப் பக்கமெல்லாம் பற்காரை கனத்துக் கிடக்க, இடப்பக்கப் பற்கள் மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தன. “மாசக்கணக்கா வலிச்சிருக்குதுங்க. ஒரு பக்கமாவே மென்னுருக்காரு.”

“ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ ஆளில்லாமப் போச்சுங்களா?” பூவாத்தாள் எழுந்து அருகில் வந்து பார்த்தார். “இவரு ஊட்டுலயும் ஒருத்தி வாசலைப் பாத்துட்டுத்தான் இருப்பா.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாரேனுங்க” என்று படியிறங்கிப் போனார்.

அன்பழகன் அட்டைப்பெட்டியைத் திறந்து வைத்தார். தமிழ்ச்செல்வி தாடையின் வலப்பக்கத்தில் கை படாமல், இடப்பக்கமாகவே தாங்கித் தூக்கி, மெதுவாகப் பெட்டிக்குள் இறக்கினார்.