பிரிக்காத கவர்

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டினால் என் உள்ளங்கை மரத்துப் போகும். துபாயிலிருந்து லீவில் வந்த அண்ணன் ஹாண்டில்பாருக்கு, பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு ஜோடி ஸ்பாஞ்சு கிரிப் கொண்டுவந்தார். அதை மாட்டிக்கொண்டு குத்தாலத்திலிருந்து கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போவதென்று தீர்மானித்தேன்.

“கவரைப் பிரிச்சிடலாங்க சார், வேர்த்தா வழுக்கும்” என்றார் கிரிப்பை மாட்டிய சைக்கிள் கடைக்காரர்.

“ஃபாரின் சாமான், அழுக்காயிடும். அப்படியே மாட்டுங்க” என்றேன் நான்.

வேதாரண்யம் தாண்டியதும் இருபுறமும் வெள்ளை வெளேரென்று உப்பளம். பட்டப்பகலிலும் ஆள் நடமாட்டமே இல்லை. திடீரென்று என் பக்கத்தில் யாரோ கிசுகிசுப்பது கேட்டது. நின்றேன், குரலும் நின்றது. மிதித்தேன், மறுபடி ஆரம்பித்தது. வேகம் கூடக்கூட அதுவும் அவசரப்பட்டது. மிதித்தபடியே திரும்பிப் பார்த்தேன். வியர்த்த கை பிளாஸ்டிக்கில் வழுக்க, சைக்கிளோடு சரிந்து விழுந்தேன். என் தலைக்கு ஒரு சாண் தள்ளி மைல்கல் நின்றது.

எழுந்து பார்த்தால், கிரிப்பின் கவர் ஓரத்தில் கிழிந்து தொங்கியது. குனிந்து அதை மெல்ல ஊதினேன். அதே குரல்.

இப்போதெல்லாம் கடையிலேயே கவரைப் பிரித்து, கிரிப்பைக் கொஞ்ச நேரம் வெறுங்கையால் இறுக்கிப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். பிரித்த கவரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.