சுகுணாவின் முழங்கால்

இன்று வரதர் கோயிலில் தாயாரைச் சேவித்துவிட்டு வரும்போது, என்னோடு பள்ளியில் படித்த சுகுணாவைப் பார்த்தேன்.

அந்த நாளில் அவள் நடந்து வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவளைக் கட்டிக்கொண்ட தென்னேரிக்காரரைக் கல்யாண மேடையில்கூட யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

தொட்டால் நோய் தீரும் என்கிற தங்கப் பல்லி அங்கே கூரையில் இருக்கிறது; தொடப் படியேற வேண்டும். முழங்கால் வலியில் முதல் படியிலேயே நின்றுவிட்டாள். கண் கலங்கிவிட்டது.

"இவ்ளோ தூரம் வந்தும் எனக்குக் குடுத்து வைக்கல."

"இரும்மா" என்று கூட வந்திருந்த அவள் வீட்டுக்காரர் மட்டும் ஏறித் தொட்டுவிட்டு வந்தார்.

பல்லியைத் தொட்டவர் காலைத் தொட்டாலும் பலன் உண்டு என்பார்கள். அவளால் குனிய முடியவில்லை.

அவர் குனிந்தார். அத்தனை கூட்டத்தில், பல்லியைத் தொட்ட கையால் அவள் இரண்டு முழங்காலையும் தடவிவிட்டார்.

"இன்னாங்க இது, எல்லாரும் பார்க்கறாங்க!"

"பார்க்கட்டும்மா. உன்னைப் பார்க்கறது இந்த ஊருக்குப் புதுசா இன்னா?"

வரிசையே சிரித்தது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். என்ன அழகு!

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்குத்தான் முழங்கால் வலி இல்லியேமா" என்றார்.

வரவழைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?