ஃபிலிமின் மூன்றாவது பக்கம்

நான் முதன்முதலாகக் கையில் பிடித்த சினிமா காமிராவுக்குக் கடிகாரத்தைப் போலச் சாவி கொடுக்க வேண்டும். பாட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. பக்கவாட்டில் இருக்கும் சாவியை இனி முறுக்கினால் கையோடு வந்துவிடும் என்கிற வரைக்கும் முறுக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் அரை நிமிடம் ஓடும். ஓடும்போது தையல் மெஷினும் சில்வண்டும் சண்டை போட்டுக்கொள்வது போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் டைரக்டர் ஆகிவிட்டேன். அப்போது எனக்கு வயது பத்தொன்பது.

காமிரா என் நண்பனின் அண்ணனுடையது. நானும் நண்பனும் அரியலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. நான் பெரம்பலூர்க்காரன், இயற்பியல் படித்தேன். அவனுக்கு லப்பைக்குடிக்காடு, வணிகவியல். அவன் வீட்டில் கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார்கள். அண்ணன் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். வேலை முடிந்து ஊர் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் தன் பழைய காமிராவை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணன் அதை ஒரே ஒரு ஃபிலிம் ரோலோடு, லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு கேசட்.

அந்த வீட்டில் கடிதம் எழுதும் வழக்கம் போயே போய்விட்டது. அண்ணன் கேசட்டில் பேசி அனுப்புவார். வீடே டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும். பிறகு அதே கேசட்டில், அவர் பேசியதற்கு மேலேயே எல்லோரும் பேசி, போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் அதைக் கேட்டுவிட்டு அதன்மேல் பேசி அனுப்புவார். ஒரே கேசட் கடலைத் தாண்டித் தாண்டி வந்துபோய்க்கொண்டிருந்தது. புதுப் பேச்சு ஏறினால் பழைய பேச்சு அழிந்துவிடும். பின்னால் எங்கள் புத்தி கெட்டுப்போனதற்கு இந்தக் கேசட்தான் காரணம்.

இந்த முறை கேசட்டில் அண்ணன் இப்படிப் பேசியிருந்தார்:

“ஒரே ரோல்தான் இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் எடுக்கலாம். பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம். ஒரு பக்கம் முடிஞ்சதும் சுருளத் திருப்பி மாட்டணும். மொத பக்கம் நீங்க எடுத்துப் பழகிக்கங்க. ரெண்டாவது பக்கத்துல அம்மா, வூடு, அப்பறம் புள்ள. முக்கியமா புள்ள நடக்கறது. நான் வர்றதுக்குள்ள ஓட ஆரம்பிச்சிடும். நடக்கறத அப்பறம் எங்க போயிப் பாக்கறது.”

அண்ணன் விமானம் ஏறியபோது அண்ணிக்கு ஐந்து மாதம். பிறந்த பெண்ணுக்கு இப்போது பதினோரு மாதம், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பிவர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. அண்ணியை அவர்கள் வீட்டில் ‘மச்சி’ என்பார்கள். என்னோடு அவர் பேசுவதெல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்துதான். அன்று கேசட் முடிந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“தம்பி, உங்களுக்கு இதெல்லாம் எடுக்கத் தெரியும்ல?”

“பிசிக்ஸ் படிக்கிறேன் அண்ணி” என்றேன். பதில் போதுமானதாக இருந்தது.

ஃபிலிமை நேர் வெயிலில் மாட்டக் கூடாது என்று காமிராவோடு வந்த தாளில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. வேப்பமர நிழல் போதும் என்று இப்போது தெரிகிறது. அன்று நான் அதை மொழிபெயர்த்த விதத்தில், பொட்டு வெளிச்சம் பட்டாலும் எல்லாம் நாசம். இருட்டறை தேடினோம். ஓட்டு வீட்டில் எந்த அறையிலும் எங்காவது ஒரு வெயில் ஊசி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் நண்பன் கொல்லையைக் காட்டினான். இருநூறு பேருக்குப் பிரியாணி ஆக்கும் தேக்சா ஒன்று அங்கே கழுவிக் கவிழ்த்திருந்தது.

என்னைத் தரையில் குந்தவைத்து, கையில் காமிராவையும் ரோலையும் கொடுத்து, நண்பனும் கடை ஆள் ஒருவரும் தேக்சாவைத் தூக்கி என்மேல் கவிழ்த்தார்கள். சித்திரை மாதம், பகல் பன்னிரண்டு மணி. உள்ளே கிராம்பும் நெய்யும் கலந்த பழைய வாசனை. நான்கைந்து கல்யாணம் ஒரே நேரத்தில் மூக்குக்குள் நடந்தது.

“காத்து வருதாடா மாப்ள?” என்று நண்பன் வெளியிலிருந்து தட்டினான். கோயில் மணிக்குள் தலையைக் கொடுத்தது போல இருந்தது.

“தட்டாதடா. காத்தும் வரல, ஃபிலிமும் மாட்டல.”

“சீக்கிரம் மாட்டு. சாயங்காலம் இதுக்கு ஆர்டர் இருக்கு.”

முதல் பக்கத்தை அரியலூரில் எடுத்தோம். பழகுவதற்குத்தான். ஆனால் நண்பன் அன்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பவுடர் பூசி, ஒரு கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றான். கதை ஒன்றும் இல்லை. ரயில்வே ஸ்டேஷனில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய கூட்ஸ் வண்டி நிதானமாகப் போகும். இவன் அதற்குப் பக்கத்தில் தலை வாரிக்கொண்டு நிற்பான். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவன் போலத் திடீரென்று ஓடுவான். எதற்கு ஓடுகிறான் என்று அவன் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஓடும்போது எருமை ஒன்று குறுக்கே வந்து, நின்று, காமிராவைப் பார்த்தது. அவனைவிட அது இயல்பாக நடித்தது. இதை நான் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, மறுபடியும் தேக்சாவுக்குள் போய்ச் சுருளைத் திருப்பி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தொழுகை முடிந்து எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். பெருநாளுக்கு எடுத்த உடுப்பு, அத்தர் மணம். குழந்தைக்கு மஞ்சள் கவுன். நண்பனின் அம்மா முற்றத்தில் நாற்காலி போட்டு, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்தார். பின்னால் சித்தப்பா, சித்தி, பக்கத்து வீட்டார் என்று ஒன்பது பேர் இரண்டு வரிசையாக நின்றார்கள். நான் சாவி கொடுத்துப் பொத்தானை அழுத்தினேன். ஒருவரும் அசையவில்லை.

“அம்மா, ஏதாவது பண்ணுங்க. நடங்க, பேசுங்க.”

அம்மா உதட்டைப் பிரிக்காமல் பேசினார். “அசைஞ்சா படம் கலங்கிப் போயிடும் தம்பி.”

“இது சினிமாம்மா, அசையறதுக்குத்தான்.”

“திட்டக்குடி ஸ்டுடியோவுல சொல்லியிருக்காங்க. மூச்சு விடாம இருக்கணும்.”

வரிசை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சித்தப்பாவுக்கு முகம் சிவந்தது. பாதியில் நிறுத்தினால் மரியாதைக் குறைவு என்று நானும் சாவி கொடுத்துக் கொடுத்து எடுத்துக்கொண்டே இருந்தேன். மிச்சம் எவ்வளவு என்று காட்டும் முள் வெள்ளைக்காரர் காலத்திலேயே நின்றுபோயிருந்தது. குழந்தை பாயில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டை மும்முரமாக நனைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மிச்சம் பிடித்து இவளை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் நினைத்தபோதே காமிராவின் சத்தம் மாறியது. சில்வண்டு மட்டும் பாடியது, தையல் மெஷின் நின்றுவிட்டது. ஃபிலிம் தீர்ந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்து அவள் எழுந்தாள். பிஸ்கட்டைப் போட்டாள். யாரையும் பிடிக்காமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு அடி நடந்து, நாற்காலியில் இருந்த நண்பனின் அம்மாவின் முழங்காலில் போய் மோதினாள். மூச்சை விட மறந்திருந்த ஒன்பது பேரும் ஒன்றாக விட்டார்கள்.

“மாஷா அல்லாஹ். எடுத்துட்டீங்களா தம்பி?” என்று கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணி கேட்டார்.

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் தேக்சாவைப் பார்த்தான்.

“ஒரு நிமிஷம் அண்ணி, இன்னும் கொஞ்சம் நல்லா எடுத்துடறோம்” என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்கு ஓடினோம். தேக்சாவின் உள்ளே நான், வெளியே அவன். நாங்கள் நடத்திய ஆலோசனைக் கூட்டங்களிலேயே குரல் அதிகமாக எதிரொலித்தது அதுதான்.

“கேசட்ல என்ன பண்றோம்?” என்றான் அவன். “பழசு மேல பேசுனா பழசு அழிஞ்சிடுதுல்ல. இதுவும் அப்படித்தானே?”

நான் ஒளியியலில் நல்ல மார்க் வாங்கியவன். இருட்டில் யோசித்தேன். “அப்படித்தான் இருக்கணும். புது வெளிச்சம் பட்டா பழைய வெளிச்சம் போயிடும். விதி ஒண்ணுதான்.”

“அப்ப அம்மா படம் அழிஞ்சிடுமே.”

“இல்லடா. திருப்பி மாட்டுனா மறுபடி மொத பக்கம் வரும். அதுல இருக்கறது நீதான்.”

வெளியே தேக்சாவை நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது.

“ஓடற சீன் மட்டும் வச்சிக்க முடியாதாடா?”

“எருமையும் சேந்து வருமே.”

“சரி, அழிச்சிடு” என்றான். தியாகம் செய்பவனின் குரல். “புள்ளைக்காகத்தான்.”

இப்படியாக, இரண்டே பக்கம் உள்ள ஃபிலிமில் மூன்றாவது பக்கத்தை எடுத்தோம். குழந்தை அன்று நடந்த நடைக்கு அளவில்லை. முற்றத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தாள், விழுந்தாள், எழுந்தாள். அண்ணி படத்தில் வரமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆனால் குழந்தை கதவோரம் விழுந்தபோது வளையல் போட்ட கை ஒன்று மட்டும் நீண்டு, அவளைத் தூக்கி நிறுத்தி, முதுகில் லேசாகத் தள்ளிவிட்டு உள்ளே போனது. அதையும் எடுத்துவிட்டேன். சொல்லவில்லை.

சுருளை ஊறுகாய் டப்பாக்களுக்கு நடுவில் வைத்து, அந்த மாதமே புறப்பட்ட ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். அங்கேயே கழுவிப் பார்த்துக்கொள்வதாக அண்ணன் ஏற்பாடு.

பத்து நாள் கழித்து பஸ் பாஸுக்குப் படம் எடுக்க அரியலூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தார்கள். மேஜைக்கு இரண்டு பக்கமும் ஒரே ஆள் உட்கார்ந்து, தன்னோடு தானே சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

“இது எப்படிங்க?”

“ஒரே ஃபிலிம்ல ரெண்டு தடவ எடுத்தது” என்றார் போட்டோக்காரர்.

“ரெண்டாவது எடுத்தா மொதல்ல எடுத்தது அழிஞ்சிடாதுங்களா?”

அவர் காமிராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார். “என்ன படிக்கிறீங்க தம்பி?”

“பிசிக்ஸ்.”

“தாடையக் கொஞ்சம் தூக்குங்க” என்றார்.

அந்த பஸ் பாஸ் படத்தில் நான் செத்துப்போனவன் மாதிரி இருப்பேன். நண்பனிடம் பஸ்ஸில் வைத்துச் சொன்னேன். முதலில் அவன் கேட்டது, “அப்ப நான் அழியலையா?” என்பதுதான். முகத்தில் ஒரு சந்தோஷம் ஓடியதை நான் பார்த்தேன். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. “அப்ப புள்ள?”

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எனக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். அண்ணி ஒவ்வொரு வாரமும் கேட்பாராம்: “படம் கழுவியிருப்பாங்களா? பாத்திருப்பாங்களா?” இவன் “இன்ஷா அல்லாஹ்” என்பானாம். ஒரு வருஷமாகக் குழந்தையின் முகம் தெரியாத மனிதர் விளக்கை அணைத்துவிட்டு, ஆசையாகத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதும், அங்கே என் நண்பன் தலை வாருவதும் எனக்குச் சாப்பிடும்போதெல்லாம் ஞாபகம் வந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கேசட் வந்தது. நண்பன் என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்துப்போனான். “அடி வுழுந்தா ரெண்டு பேருக்கும் வுழணும்” என்றான். வீடு முழுவதும் உட்கார்ந்திருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. முதலில் அண்ணன் தங்கியிருந்த அறையின் ஏசி இரைச்சல், பிறகு சலாம், பிறகு அண்ணன்.

“படம் பாத்தேன். மொதல்ல கூட்ஸ் வண்டி ஒண்ணு வந்துச்சு. நம்ம வூட்டு முத்தத்துல எப்ப தண்டவாளம் போட்டாங்கன்னு பாத்தா, அதுக்குள்ளேருந்து எம்புள்ள நடந்து வருது.”

அம்மா எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார். நாங்கள் டேப் ரெக்கார்டரைப் பார்த்தோம்.

“தம்பி தல வாரிக்கிட்டு நிக்கிறான். புள்ள அவன் தலையில ஏறி எறங்கிப் போவுது. அவன் தல கலையவே இல்ல. அப்பறம் அவன் ஓடுறான். ஏன்டா ஓடுற? புள்ளையப் பாத்தா பயந்து ஓடுறாப்புல இருக்கு. ஒரு எருமை புள்ள வயித்துக்குள்ளேருந்து எங்களையே பாக்குது. எங்க ரூமுல மலையாளத்துக்காரர் ஒருத்தர் இருக்காரு, இது என்ன டெக்னிக்குன்னு கேட்டுச் சொல்லச் சொன்னாரு.”

பின்னணியில் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

“ரெண்டாவது பக்கம் வந்ததும் படம் போடற மிஷின் நின்னு போச்சுன்னு நெனச்சோம். எல்லாரும் அப்படியே நிக்கிறீங்க. தட்டிப் பாத்தோம், ஒயரப் புடுங்கி மாட்டிப் பாத்தோம். அப்பறம் அம்மா கண்ணச் சிமிட்டுச்சு. அப்பத்தான் படம் ஓடுதுன்னே தெரிஞ்சுது.”

“நான் சிமிட்டவே இல்ல” என்றார் அம்மா.

ஏசி மட்டும் ஓடியது.

“நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன். வண்டிய ஒதுக்கிட்டுப் புள்ளைய மட்டும் பாக்க இப்ப கண்ணு பழகிடுச்சு. நடக்குது. நல்லா நடக்குது. ஒரு எடத்துல வுழுது பாரு, அப்ப ஒரு கை வந்து தூக்குது. அந்த எடத்துக்காகத்தான் நாலாவது தடவ போட்டது. யாரு கைன்னு ரூமுல கேட்டாங்க. நான் சொல்லல.”

கேசட் கடக்கென்று நின்றது.

“சரி, பதில் பேசணும்” என்று நண்பன் கேசட்டைப் பின்னோக்கி ஓட்டி முதலுக்குக் கொண்டுவந்து, பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானில் விரலை வைத்தான். கதவு திறந்தது. அண்ணி வெளியே வந்து, மூடியைத் திறந்து கேசட்டை எடுத்தார். கொண்டை ஊசியால் அதன் முதுகில் இருந்த இரண்டு சின்னத் தகடுகளையும் டக், டக் என்று உடைத்தார். அவை போய்விட்டால் அந்தக் கேசட்டில் மறுபடி எதையும் பதிய முடியாது.

“இதுல பேச வேணாம்” என்றார். “வேற கேசட்டுல பேசுங்க.”

வீட்டில் இருந்த வேறு கேசட் ஒன்றே ஒன்றுதான். நண்பன் திருச்சிக்குப் போய்ப் பார்த்துப் பார்த்துப் பதிந்துகொண்டு வந்த பாட்டுக் கேசட்.

“மச்சி, என் பாட்டெல்லாம் அழிஞ்சிடும்.”

“அழியட்டும்” என்றார் அண்ணி, கதவுக்குப் பின்னால் போய்க்கொண்டே. “அழியலன்னா ரெண்டும் சேந்து கேக்கட்டும். அதான் தம்பி பிசிக்ஸ் படிக்கிறாருல்ல.”