வெயிலுக்கு ஒரு வாய்தா

அன்று கோர்ட்டில் இருந்தவர்கள்: மூத்த மாஜிஸ்திரேட், இளைய மாஜிஸ்திரேட், இசைத்தட்டு கம்பெனியின் வக்கீல், குமாஸ்தா, கூண்டில் அவர், வாசலில் டவாலியாக நான்.

அவர் பாலக்கோடு சந்தையில் பழைய இசைத்தட்டு விற்பவர். ஒல்லியான ஆள். தட்டின் விளிம்பை இரண்டு உள்ளங்கையால்தான் பிடிப்பார், விரல் படவே படாது. சிலோனிலிருந்து ஊர் திரும்பியவர்களிடம் அவர் வாங்கி வைத்திருந்த முப்பத்தாறு தட்டுகளை, கம்பெனி கொடுத்த புகாரில் போலீசார் பறிமுதல் செய்திருந்தார்கள். ‘சிலோனில் மட்டும் விற்பனைக்கு’ என்று அவற்றில் அச்சடித்திருந்தது.

“காசு குடுத்து வாங்கின பொருளு. விக்கறதுக்கு எதுக்கு இன்னொருத்தரைக் கேக்கணும்?” என்றார் மூத்தவர்.

“அங்க விக்கத்தானே உரிமை குடுத்தாங்க? இங்க பணம் கட்டி உரிமை வாங்கினவன் என்ன ஆவான்?” என்றார் இளையவர்.

இருவரும் ஒத்துப்போகவில்லை. மேல்கோர்ட்டுக்கு எழுதினார்கள். தட்டுகள் தகரக் கூரை போட்ட சாமான் அறைக்குப் போயின.

வெளியே வந்ததும் அவர் என்னிடம், “ரெண்டு பேரு சொன்னதும் நாயமாத்தானுங்க இருக்குது. தட்டை மட்டும் சூடு படாம வெக்க முடியுங்களா?” என்று கேட்டார்.

“அறைச் சாவி குமாஸ்தாகிட்ட இருக்குதுங்க.”

“அப்ப வெயிலுக்கு ஒரு வாய்தா வாங்கிக் குடுங்க.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

இரண்டு கோடை போயிற்று. தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அவர் ஒவ்வொரு தட்டாக மேசைமேல் வைத்துப் பார்த்தார். சூட்டில் வளைந்தவை ஆடின. அவற்றையும் விரல் படாமல்தான் எடுத்து ஓரமாக வைத்தார். ஏன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

ஆடாதவற்றைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஐந்து.