சுருக்கி வைத்த கல்யாணங்கள்

லிபியாவில் எங்கள் ஊர் மிஸ்ராத்தாவில் ஆண்கள் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிறவனுக்குக் கடை உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் மாப்பிள்ளைகளை வரிசையாக மாட்டி வைத்துக்கொண்டு, போகிறவன் வருகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்ளலாம். பெண்கள் பக்கம் எடுக்கிற என் ஓரகத்தி இன்திஸாருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. எடுத்ததை யாருக்கும் காட்டக்கூடாது. அவள் எவ்வளவு நன்றாக எடுப்பாள் என்று அவள் புருஷனுக்கே தெரியாது.

பெண்கள் மண்டபத்து வாசலில் ஒருத்தி பையை விரித்துக்கொண்டு நிற்பாள். போனை அதில் போடாமல் எவளும் உள்ளே நுழைய முடியாது. உள்ளே போனதும் முக்காடுகள் இறங்கும், பின்னல்கள் அவிழும், பாட்டுக்காரிகள் மத்தளத்தைத் தட்ட ஆரம்பிப்பார்கள். அங்கே இருக்கும் ஒரே கேமரா இன்திஸாருடையது. விளக்கையும் ஒயரையும் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடுகிறவள் நான், ரப்ஹா. எடுத்த வீடியோவைப் பென்டிரைவில் போட்டுப் பெண்ணின் அம்மா கையில் கொடுக்கும்போது குர்ஆன்மேல் கை வைத்து, "எங்கிட்ட ஒரு துண்டுகூட இல்ல" என்று இன்திஸார் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பாதாம் போட்ட தேநீர் வரும்.

இன்திஸார் சத்தியமும் செய்வாள், தேநீரும் குடிப்பாள். வீட்டுக்கு வந்தால் எல்லாக் கல்யாணமும் அவள் லேப்டாப்பில் பத்திரமாக இருக்கும்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானத்தில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, தான் எடுத்ததைத் தானே பார்ப்பாள். "இங்க பாரேன், இவ அழப் போறான்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. கேமராவ எப்பிடித் திருப்பிட்டேன் பாரு!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். பார்த்துவிட்டுத் திட்டுவேன். திட்டிவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன்.

போன கோடையில் கல்யாணம்மேல் கல்யாணம். ஒருநாள் கம்ப்யூட்டர் சிவப்புக் கோட்டைக் காட்டிக்கொண்டு மக்கர் செய்தது.

"எடமில்லைங்குது ரப்ஹா, இந்தச் சனியன்."

"அழிச்சுத் தொலை. எடமும் கெடைக்கும், உன் தலைமேல ஏறி உக்காந்திருக்கற பாவமும் எறங்கும்."

"எல்லாத்தயுமா? மனசு வருமா உனக்கு?"

"சத்தியம் பண்ணும்போது மட்டும் மனசு வந்துச்சாக்கும்!"

கடைக்கு எடுத்துப் போய்க் காட்டவும் வழியில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவன் ஆம்பிளை. அவனிடம் கொடுத்தால் ஊர்ப் பெண்களின் மானத்தையே தட்டில் வைத்து நீட்டின மாதிரி ஆகும். அவளே போனில் தேடிப் பார்த்துச் சுருக்குகிற வழியைக் கண்டுபிடித்தாள். பெரிய படத்தை நசுக்கிச் சின்னதாக்கிவிடலாமாம். ஒரு கல்யாணம் இருந்த இடத்தில் ஊர்க் கல்யாணம் முழுக்க அடங்கிவிடுமாம்.

"நசுக்குனா கெட்டுப்போகாதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சமா சுருக்குனா ஒண்ணும் ஆகாது. ரொம்பச் சுருக்குனாத்தான் மூஞ்சி கலங்கிப்போகும்" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "மூஞ்சியே தெரியலன்னா அது எவளோட படமும் இல்லல்ல? அப்ப நான் சத்தியத்த மீறினதாவும் ஆகாதுல்ல?"

"அடி சண்டாளி! அல்லாஹ்கிட்டயே வக்கீல் வேலை பாக்கறியா?"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுருக்கும் அளவைக் கடைசிக்கே இழுத்துவிட்டாள். கம்ப்யூட்டர் கொதித்தது, கரண்ட் போகும்போதெல்லாம் ஜெனரேட்டரைப் போட்டுக்கொண்டு விடாமல் ஓட்டினாள். ஒவ்வொன்றாகச் சுருக்கிவிட்டுப் பெரியதை அழித்தாள். முடிந்ததும் ஒன்றைத் திறந்து, "யாராச்சும் தெரியறாங்களா பாரு" என்றாள். கட்டம் கட்டமாகச் சிவப்பும் பச்சையும் நகர்ந்தன. பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. யாரும் தெரியவில்லை என்றேன். விடுதலையான கைதி மாதிரி சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் மத்தியானத்தில் கதவைத் தாழ்போடவே இல்லை. பார்க்க அதில் என்ன இருந்தது?

நோன்புப் பெருநாள் முடிந்ததும் ஹனாதி வந்தாள். அவள் கல்யாணத்தை இன்திஸார்தான் எடுத்திருந்தாள். அவள் அம்மா மஸ்தூரா குளிர்காலத்தில் இறந்துபோயிருந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"அக்கா, நீங்க திட்டக்கூடாது. எங்க கல்யாணப் படத்த நானே அழிச்சுட்டேன்."

"ஏன்டி?"

"என் கொழுந்தன் ஃபுட்பால்னு நெனச்சு அந்தப் பென்டிரைவ டிவியில சொருகிட்டான். ஓடிப் போய்ப் புடுங்கிட்டேன். ஆனா எங்கப்பா கூடப் பொறந்த அத்தைய முக்காடு இல்லாம பாத்துட்டான். பயத்துல அன்னைக்கே அழிச்சுட்டேன்க்கா. அப்ப அம்மா உயிரோட இருந்தாங்க. படத்துக்கு என்ன அவசரம்னு இருந்துட்டேன்."

மஸ்தூரா படமே எடுத்துக்கொள்ளாத மனுஷி. ஹஜ்ஜுக்கு எடுத்த பாஸ்போர்ட் படம் ஒன்றுதான் வீட்டில் இருக்கிறதாம். அதிலும் யாரோ திட்டி உட்கார வைத்த மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறாராம்.

"எங்கம்மா சிரிச்சா எப்பிடி இருக்கும்னு எனக்கு மறந்துக்கிட்டே வருதுக்கா. ஒரே ஒரு தடவ பாத்தாப் போதும். உங்ககிட்ட ஏதாச்சும்..."

இன்திஸார் தரையைப் பார்த்துக்கொண்டு, "அழிச்சுட்டேன் கண்ணு" என்றாள்.

ஹனாதி உடனே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்க்கா. நீங்க சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவங்க. உங்கள நம்பித்தானே ஊரே முக்காட எடுக்குது. உங்ககிட்டப் போய்க் கேட்டேன் பாருங்க, மன்னிச்சுக்கங்க."

அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

படத்தைத் தேடி எடுத்தோம். அதே கட்டங்கள், அதே கிணற்றுப் பாட்டு.

"இத மறுபடி பெருசாக்க முடியாதா?" என்றேன்.

"அரைச்ச மாவுலேருந்து பார்லியப் பொறுக்கச் சொல்றியா?" என்று என்மேல் பாய்ந்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "ஒழுங்கா அழிச்சிருந்தா நான் நல்லவ. ஒழுங்கா வெச்சிருந்தா அந்தப் பொண்ணுக்கு அம்மா கெடைச்சிருப்பா. ரெண்டும் இல்லாம நாசம் பண்ணி வெச்சிருக்கேனே!"

சில நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு காலையில் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு லேப்டாப்பைத் தூக்கினாள். "வா. இருக்கறதக் காட்டிடலாம். துப்புனா துப்பட்டும்."

ஹனாதி வீட்டில் அவள் சித்தி திப்ராவும் இருந்தாள். மஸ்தூராவின் தங்கை, வாய் ஓயாத, எந்தக் கல்யாணத்திலும் முதலில் எழுந்து ஆடுகிற பெண்மணி. இன்திஸார் உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சத்தியம் செய்தது, வைத்துக்கொண்டது, சுருக்கியது, அன்றைக்குப் பொய் சொன்னது. திப்ரா, "எங்கக்கா கையில குர்ஆன வெச்சுக்கிட்டு இருந்தா. அதுமேல கைய வெச்சுச் சொன்னியேடி, நான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"போடுங்க" என்றாள் ஹனாதி.

படம் ஓடியது. ஹனாதி திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு தேடினாள். கலங்கல் நடுவே கருஞ்சிவப்புப் பட்டு ஒன்று கைகளை விரித்துச் சுற்றிச் சுற்றி ஆடியது. "அம்மா!" என்று கத்தினாள். "இதான், இந்தப் பட்டுப் போர்வைதான்! அம்மா ஆடறாங்க பாரு சித்தி! சிரிக்கறாங்கல்ல? சிரிச்சுக்கிட்டேதானே ஆடறாங்க?"

அக்காவும் தங்கையும் அன்று ஒரே துணியில் எடுத்த பட்டுத்தான் போர்த்தியிருந்தார்கள். ஆடுவது திப்ரா. மஸ்தூரா தூணுக்குப் பக்கத்தில் சாம்பிராணித் தட்டோடு நின்றார். "வெளக்கு கண்ணக் கூசுது பொண்ணே" என்று என்னிடம் சொன்னதுகூட நினைவிருக்கிறது. ஓரத்தில் அசையாமல் இருந்த அந்தக் கருஞ்சிவப்புத் திட்டு இன்திஸாருக்கும் தெரிந்திருக்கும்.

ஹனாதி இன்திஸாரைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லுங்கக்கா, அம்மாதானே?"

திப்ராதான் முந்திக்கொண்டாள். "அவளேதான்டி. வேற யாரு? அன்னைக்கு ஒரு நாளாச்சும் ஆடுடின்னு நான்தான் தள்ளிவிட்டேன். சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு."

ஹனாதி திரையில் உதட்டை வைத்தாள். அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். இன்திஸாரிடம், "இத நான் வெளிய சொல்ல மாட்டேன்" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

வாசல்வரை திப்ரா எங்களோடு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"நான் ஆடறது எனக்குத் தெரியாதா? எங்கக்கா கூச்சக்காரி, ஜென்மத்துல ஆடுனதில்ல. மத்தவங்களயும் இந்த லட்சணத்துலதான் வெச்சிருக்கியா?"

"இன்னைக்கே அழிச்சுடறேன்."

"அழி. நானும் ஒண்ண வுட்டாகணும். இனிமே ஹனாதி முன்னாடி நான் ஆட முடியாது. ஒரு சுத்து சுத்துனாப் போதும், கண்டுபுடிச்சுருவா."

இன்திஸார் அவள் கையை முத்தமிடக் குனிந்தாள். திப்ரா கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றே எல்லாம் அழிந்தது. கம்ப்யூட்டரில் இப்போது வேண்டிய அளவு இடம் இருக்கிறது. சத்தியத்துக்குப் பிறகு வருகிற தேநீரை இன்திஸார் தொடுவதே இல்லை. பயபக்தி என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் அவளை இன்னும் அதிகமாக நம்புகிறார்கள்.

போன வாரம் அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மத்தளம் சூடு பிடித்ததும், "திப்ரா, எந்திரி! நீ ஆடாம இது என்ன கல்யாணம்?" என்று எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். பக்கத்தில் ஹனாதி கைதட்டிக்கொண்டிருந்தாள். "முட்டி வலிக்குதுடி, ஆள விடுங்க" என்று திப்ரா மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் பாதம் மட்டும் பாவாடைக்கடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இன்திஸார் கேமராவைத் தாழ்த்திவிட்டு, விளக்கை வேறு பக்கம் திருப்பச் சொன்னாள்.