கிரகப்பிரவேசத்துக்கு வந்த கிரகம்

பத்து நாள் முன்னால் என் மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பன்னிரண்டு வருஷம் ஷிப்ட் பார்த்துக் கட்டிய வீடு. பெற்றவள் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? இருந்தேன்... ஹாலுக்குள் நுழையும் வரை.

மகன் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். புதுப் பெயின்ட், வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரே ஒரு ஆணிதான், வேறு எங்கேயும் ஓட்டை போடக் கூடாது என்று. அந்த ஒரு ஆணிக்காக நான் ஏழு மாதம் உழைத்திருந்தேன். மேட்டித் துணியில் கட்டம் எண்ணி எண்ணி நூல் போட்ட இரண்டு பச்சைக் கிளிகள். பிரேம் போட்டு, மஞ்சள் பையில் வைத்து, பஸ்ஸில் யாரும் இடிக்காமல் மார்போடு அணைத்துக் கொண்டுபோயிருந்தேன்.

ஆணியில் ஏற்கெனவே ஒரு கிரகம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆமாம், கிரகம்தான். செக்கச் செவேல் என்று ஓர் உருண்டை. அதைச் சுற்றி வளையம். வளையத்துக்கு அப்பால் நொய்யரிசியை இறைத்த மாதிரி நட்சத்திரங்கள். கிரகப்பிரவேசத்துக்கு எல்லோரும் குத்துவிளக்கு கொண்டுவருவார்கள், பாத்திரம் கொண்டுவருவார்கள். என் சம்பந்தியம்மா கிரகத்தையே கொண்டுவந்துவிட்டார்.

யார் போட்டது? அவரேதான். கம்ப்யூட்டரில்!

இந்தப் பத்திரிகையில் என் எழுத்தைப் படிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியுமே. பேனா பிடித்தால் வாய் நீளும். நாலு பேர் எதிரே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பையைத் திறக்கவே இல்லை. உள் அறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குத் தரைக்கல் கொடுத்த டைல்ஸ் கடை பாய், பழவேற்காட்டுக்காரர், வந்திருந்தார். கை கழுவிய ஈரம் காயாமல் படத்தின் முன்னால் நின்று, செவ்வாய்க் கிரகமா என்று விசாரித்தார்.

"இல்ல பாய். ஒம்பது" என்றார் சம்பந்தி.

"ஒம்பதா? இன்னாம்மா அது?"

"டி.கே.எம். ஒம்பது பாய். செவப்பரிசி. எங்க கயினில போட்றது."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். தன் கடைச் சுவருக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

விஷயம் இதுதான். சம்பந்திக்கு ஆர்.கே.பேட்டைப் பக்கம் கழனி, நெல் விவசாயம். அவர் மகள் செல்வி — என் மருமகள் — கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள். மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் சம்பந்தி சென்டரில்தான் உட்கார்ந்திருப்பார். ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி. ஒன்றைச் செல்வி ஒரு நாள் போட்டுக் காட்டியிருக்கிறாள். விண்வெளிப் படத்தைத் தானாகவே உண்டாக்கும் புரோகிராம். நாம் கோடு இழுக்க வேண்டாம். நட்சத்திரம் எத்தனை, தூசு எவ்வளவு, நிறம் எது என்று கட்டங்களில் சொல்லிவிட்டு, கடைசிக் கட்டத்தில் ஒரு எண்ணைக் கொடுத்தால் போதும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அதுவே புள்ளி புள்ளியாக ஒரு வானத்தைக் கட்டிவிடும். எண் மாறினால் வானமும் மாறும்.

அந்தக் கடைசிக் கட்டத்துக்கு இங்கிலீஷில் 'சீட்' என்று பெயராம். அப்படியென்றால் என்ன என்று சம்பந்தி கேட்க, விதை என்று அர்த்தம், ஏதாவது ஒரு நம்பர் போடு என்று செல்வி சொல்லியிருக்கிறாள்.

விதைக்கு 'ஏதாவது' ஒரு நம்பரா? நெல் போடுகிறவரிடம் சொல்கிற பேச்சா அது?

ஐ.ஆர். ஐம்பது என்ற நெல் ரகத்தை நினைத்து ஐம்பது போட்டாராம். ஏ.டி.டி. முப்பத்தேழு என்கிற குண்டு நெல்லுக்கு முப்பத்தேழு. பிறகு செவப்பரிசிக்கு ஒன்பது, நிறமும் சிவப்பாகவே கொடுத்து. நட்சத்திரத்தைச் செல்வி கூட்டி வைத்தால் இவர் பாதியாகக் குறைப்பாராம். நெருக்கி நட்டால் பயிர் சவலையாகிவிடும் என்று காரணம் வேறு!

அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. அவர் மூன்றாவது, நான் ஐந்தாவது. இரண்டு வகுப்பு கூடுதலாகப் படித்தவளுக்குக் கிளி, அவருக்கு மட்டும் ஆகாயமா?

இந்தப் பத்தியை வாராவாரம் டைப் அடித்துக் கொடுப்பதும் செல்விதான். (செல்வி, எதையும் மாற்றாமல் அப்படியே அடி.) போன வாரக் காகிதத்தைக் கொடுக்கப் போனபோது சென்டரில் ஜெராக்ஸுக்குக் கூட்டம். செல்வி அந்தப் பக்கம் நின்றாள். மூலைக் கம்ப்யூட்டரில் அந்தப் புரோகிராம் திறந்தபடி இருந்தது. சம்பந்தி வைத்துவிட்டுப் போன கட்டங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கடைசிக் கட்டம் மட்டும் காலி.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு என் வயசைப் போட்டேன். அறுபத்தாறு. கருகிப்போன அப்பளம் மாதிரி ஒன்று வந்தது. மகன் பிறந்த தேதியைப் போட்டேன். மழைக்காலத்துச் சுவரில் பூஞ்சை பிடிக்குமே, அது வந்தது. பெற்ற பிள்ளையின் தேதிகூட எனக்கு உதவவில்லை.

கடைசியில்... வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒன்பதைப் போட்டேன்.

புள்ளி புள்ளியாக வந்தது. உருண்டை வந்தது, வளையம் வந்தது. அதே படம்! கட்டம் எண்ணிப் பழகிய கண் ஆயிற்றே — இடது மூலையில் எட்டு நட்சத்திரம், ஹாலில் தொங்குவதிலும் எட்டு. ஒன்றுகூட இடம் மாறவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? ஒன்பதைத் தட்டினால் யாருக்கும் வரும் படம்! இதில் என்ன கைவேலை? இதற்கா ஆணி? செல்வியிடம் கலர் பிரின்ட் கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தாள். எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் வீட்டுக்குப் போனேன். மகளைப் பார்க்க வந்திருந்த சம்பந்தி நாஷ்டா எடுத்து வைத்தார். பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வசனம் ஒன்றுகூட வரவில்லை. பிரின்டை அவர் முன்னால் நீட்டி, நானும் ஒன்பது போட்டேன் என்று மட்டும் முனகினேன்.

அவர் அதைச் சுவர்ப் படத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வாடப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"உங்களுக்கும் நல்லா மொளச்சிக்கிதே சம்மந்தி" என்றார். "அதே வெதய போட்டா அதே பயிருதான வரும்."

"அப்போ... இது நீங்க போட்ட படம்னு..." என்று இழுத்தேன்.

"என்னுதுன்னு நா எப்போ சொன்னேன்? வெத போட்டேன், மொளச்சிது, மாட்டிக்கினேன். அத்த வுடுங்க. அன்னிக்கி ஒரு மஞ்சப்பைய மார்ல கட்டிக்கினு வந்தீங்களே, அதுல இன்னா இருந்திச்சி? காட்டவே இல்லயே."

பார்த்திருக்கிறார்!

கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தேன். கிளிகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியின் மேலேயே ஒவ்வொரு வரிசையாக விரலை ஓட்டினார். இதற்கு என்ன நம்பர் போட்டேன் என்று கேட்டார். நம்பர் எதுவும் இல்லை, கையால் எண்ணிப் போட்டது என்றேன்.

"திருப்பிப் போட்டா இதே மாரி வருமா?"

வராது என்றேன். இதிலேயே ஒரு கிளிக்கு மூக்கு கொஞ்சம் கோணல் என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

"அப்போ ஆணில இத மாட்டுங்க. ஒம்பது எங்க பூடப்போவுது? எப்போ வேணா மொளைக்கும்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி அவரே கிரகத்தை இறக்கினார். கிளிகளை மாட்டினார். கோணல் மூக்கு நேராகத் தெரியும்படி பிரேமை ஒரு விரல் சாய்த்தும் வைத்தார். கிரகத்தைப் பழைய பேப்பரில் சுற்றி, டைல்ஸ் கடை பாய்க்குக் கொடுக்கச் சொல்லி மகனிடம் தந்துவிட்டு, எனக்கு இன்னொரு இட்லி வைத்தார்.

ஆணி கிடைத்துவிட்டது. ஆசைப்பட்ட அதே இடம், வாசலுக்கு நேர் எதிரே. அப்படியானால் திரும்பும்போது பஸ்ஸில் ஏன் எனக்கு முன்னைவிட அதிகமாக வயிறு எரிந்தது?

அவர் ஸ்டூலில் இருந்து இறங்கும்போது முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். எட்டு நட்சத்திரம் எண்ணிய அதே கண்ணால் பார்த்தேன். ஒரு புள்ளிகூட அகப்படவில்லை.

ஏழு மாதம் கட்டம் எண்ணியிருக்கிறேன்... என் கிளிகளைப் பார்த்து, ஒரு மரியாதைக்காவது அந்த அம்மா கொஞ்சம் பொறாமைப்பட்டிருக்கக் கூடாதா?