மருந்தறைப் பதிவேட்டில் நான் எழுதிய வரி

மருந்தறைப் பதிவேட்டை நான் எரித்துவிட்டதாக நம் விடுதிப் பழைய மாணவியர் முகநூல் குழுவில் சிலர் எழுதுகிறீர்கள். தவறு. எரிந்தது வேறு. பதிவேடு பத்திரமாக இருக்கிறது. துயரமே அதுதான்...

மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் விடுதி. அதன் மருந்தறையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அங்கே டிங்சர் வாடையும் ஈரக் கம்பளி வாடையும் கலந்து கிடக்கும். விடுதியில் தங்கிப் படிக்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் காயத்தோடு வந்து நிற்பார்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே பென்சிலால் ஒரு கொப்பியில் குறிப்பேன்.

வருடக் கடைசியில், விடுதியைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருமுன், அதை மையால் பெரிய பதிவேட்டில் பிரதி எடுப்பேன். பென்சில் கொப்பி குசினி அடுப்புக்குப் போய்விடும். அதுதான் அங்கே வழக்கம்.

காமாட்சிக்கு அப்போது பத்து வயது. "மேட்ரன் விறகுக்கட்டையால் அடித்தது, இடது கை முறிவு" என்று பென்சிலில் இருந்தது. பிரதி எடுக்கும்போது விடுதியை நடத்திய அந்த மேட்ரனே பின்னால் வந்து நின்றார்.

"இதெல்லாமா இன்ஸ்பெக்டருக்குக் காட்டுவீங்க? படியில வழுக்கி விழுந்துச்சுன்னு போடுங்க."

போட்டேன். கன்னியர் மடத்தில் கற்ற கையெழுத்து. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. என் கணவரிடம்கூட, அவர் கண்மூடும்வரை, இதைச் சொல்லவில்லை.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு, விடுதியில் நடந்த அடி உதை பற்றிப் போன மாதம் நிர்வாகம் வைத்த விசாரணைக்குக் காமாட்சி பூண்டுலோயாவிலிருந்து பஸ் ஏறி வந்தாள். கோணிப்போன கையைக் காட்டினாள். அவர்கள் என் பதிவேட்டைக் காட்டினார்கள். அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"மிஸ், நான் படியில விழுந்தேனாம். நீங்க எழுதியிருக்கீங்களாம். அந்தக் கட்டடத்துல ஏது மிஸ் படி? வாசல்ல இருந்து குசினி வரைக்கும் ஒரே தரைதானே! எழுதுறதுக்கு முன்னாடி ஒரு படியாவது கட்டி வச்சிருக்கலாம்ல?"

சிரித்தபடிதான் சொன்னாள்.

கட்டடமும் இப்போது இல்லை. இடித்துவிட்டு வாகனம் நிறுத்துகிறார்கள்.

மறுநாளே போய் நடந்ததைச் சொன்னேன். விசாரணைத் தலைவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, உங்களுக்கு வயசாயிருச்சு. அன்னைக்கு எழுதினது இருக்கு. இப்ப ஞாபகத்துல சொல்றத வச்சு நாங்க என்னங்க செய்யிறது?"

அன்று மேட்ரன் முன் வாய் திறக்கவில்லை. இன்று திறக்கிறேன்... என் கையெழுத்தை நம்புகிறார்கள், என்னை நம்பவில்லை. அந்தப் பதிவேட்டில் இன்னும் எத்தனை பிள்ளைகளை அப்படி விழ வைத்தேனோ, எண்ணிப் பார்க்கத் துணிவில்லை.

காமாட்சி கேட்பது நஷ்டஈடு அல்ல. அவள் பொய் சொல்லவில்லை என்று ஒரு காகிதம்.

"அந்த வரி பொய், எழுதியவள் நான்" என்று கையொப்பமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை.

நிர்வாகத்தினரும் இந்தக் குழுவைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். என் கடிதத்தைப் பதிவேட்டோடு சேர்த்தீர்களா, இல்லையா? எழுத்தில் பதில் தாருங்கள்.